திறக்காத தாலிப் படம்

“இந்தப் படத்தைத் திறக்க முடியவில்லை.”

கம்ப்யூட்டர் நாலாவது தடவையாக அதையே சொன்னது. ஆலங்காயத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரஞ்சித்குமார் கடுப்பில் மவுஸை மேஜையில் தட்டினார்.

“இன்னா சார், வரலயா?” எதிர் நாற்காலியில் இருந்த வீரன் எழுந்தே விட்டார்.

வீரன் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு விவசாயி. மகள் பூஜாவுக்குக் கல்யாணம் முடிந்து எட்டு நாள்தான் ஆகிறது. நாளைக்குப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது, தாலி கட்டும் படத்தைப் பெரிதாக ஃபிரேம் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். திரும்பிப் போகும் ஜீப் இரண்டு மணிக்கு.

“வெளிய மாட்டுற ஹார்ட் டிஸ்க்லதான் கீதுங்க. பேரு தெரியுது, படம் தொறக்க மாட்டேங்குது.”

“கேமராவுல இருக்குமே சார்?”

“அத அழிச்சிட்டு வேற ரெண்டு கல்யாணம் எடுத்தாச்சுங்க.”

வீரனுக்கு முகம் சுண்டிவிட்டது. “படம் போச்சுன்னா இன்னா சார் பண்றது? இன்னொரு வாட்டி தாலி கட்டுங்கன்னு மாப்பிள்ளைய கூப்பிட முடியுமா?”

ரஞ்சித்குமாருக்கு வியர்த்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலாளிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது வேலை செய்கிற ஆள்தானே? அங்கே படங்களைச் சரிசெய்து ஆல்பம் போடுவது நதியா. மகளுக்குக் காது குத்து என்று அன்று ஒரு நாள் லீவு கேட்டிருந்தாள். அவளுக்குப் போன் போட்டார்.

“டிஸ்க்க கீழ போட்டியா?”

“இல்லண்ணா. இன்னா ஆச்சு?”

“ஒரு படம் கூட தொறக்கல! நேத்து வரைக்கும் நீதான வேல பாத்த? ஒரு பொறுப்பு வேணாம்?”

“அண்ணா, ஒரு நிமிசம், நான் சொல்றத...”

“நீ ஒண்ணும் சொல்லத் தேவயில்ல. நாளையிலருந்து வேலைக்கு வராத!”

மறுமுனையில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டார். வந்தவர் எதிரில் கறாராகப் பேசிவிட்டோம் என்று கொஞ்சம் திருப்திகூட வந்தது.

கால் மணி நேரத்தில் நதியா வந்து நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, விரலில் சந்தனம். நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். டிஸ்க்கில் இருந்த படத்தைக் காப்பி செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டாள். அங்கிருந்து திறந்தாள்.

திரை நிறைய பூஜா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, கையில் தாலி.

“வந்துடுச்சு!” வீரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்டிம்மா?”

“இந்த சாஃப்ட்வேர புதுசா மாத்துனதுலருந்து, வெளி டிஸ்க்ல படம் இருந்தா எடுத்துக்காதுங்க. கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டு தொறக்கணும். அண்ணா நேத்தே போட்டு வெக்கச் சொன்னாரு. நான்தான் காது குத்து அவசரத்துல மறந்துட்டேன். தப்பு எம்மேலதாங்க.”

வீரன் நிம்மதியாக ஃபிரேம் பார்க்க வாசல் பக்கம் போனார். ரஞ்சித்குமார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நான் எப்பம்மா அப்டி சொன்னேன்?”

“சொல்லலண்ணா.”

சொல்லாதது மட்டுமா? மூன்று மாதத்துக்கு முன்னால் இதே விஷயத்தை அவள் வந்து சொன்னபோது, “எனக்கே பாடம் எடுக்குறியா? கம்ப்யூட்டர் ரொம்பி நின்னு போனா நீயா வாங்கித் தருவ? உள்ள ஒரு படம் இருக்கக் கூடாது, டிஸ்க்லயே வேல பாரு” என்று விரட்டியவரே அவர்தான்.

“அப்போ இந்த மூணு மாசமா எப்டி வேல நடந்துச்சு?”

“தெனமும் அர மணி முன்னாடி வந்து, அன்னிக்கு வேணுங்கற படத்த உள்ள போட்டுக்குவேன். சாயங்காலம் டிஸ்க்ல ஏத்திட்டு, உள்ள இருக்கறத அழிச்சிட்டுப் போய்டுவேன். சொன்னா உங்களுக்குக் கோவம் வருமேன்னு சொல்லலண்ணா.”

ரஞ்சித்குமாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல காரியம் நடக்கிற வீட்டில், சொந்தக்காரர்கள் எத்தனை பேர் காதில் தன் கத்தல் விழுந்ததோ! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அதுக்காக அவருகிட்ட தப்பு உன்னுதுன்னு ஏம்மா சொன்ன?”

“மல மேல அவரு நாலு பேருகிட்ட சொல்லுவாரு. ஸ்டுடியோ பேரு கெட்டுடக் கூடாதுல்ல? நான்தான் நாளையிலருந்து வரப் போறது இல்லயே, எம்பேரு கெட்டா இன்னாண்ணா?”

அவள் எழுந்தாள். “வூட்ல பந்தி போட்டுட்டாங்க. போய்ட்டு வர்றேன்.”

ரஞ்சித்குமார் பதறிப்போய் வாசல் வரை ஓடினார். “நதியா! நாளைக்கு வந்துடும்மா. கண்டிப்பா வந்துடு.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

வாசலில் தேர்ந்தெடுத்த ஃபிரேமும் கையுமாக நின்றிருந்த வீரன் அவரையே பார்த்தார். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ரஞ்சித்குமார் வாயைத் திறந்தார். பிறகு அப்படியே மூடிக்கொண்டார்.

வீரன் ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“எவ்ளோ பெரிய தப்பு பண்ணுச்சு அந்தப் பொண்ணு! மன்னிச்சு மறுபடியும் வேல குடுத்துட்டீங்களே. பெரிய மனசு சார் உங்களுக்கு!”