பட்டனுக்கு மணல் பிடிக்கவில்லை

"என்ன அண்ணே, இன்னைக்கும் தரையிலதானா?"

விலங்குகள் காப்பகத்துப் பெண் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். தையல்காரர் வெட்டு மேசைக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஈரம். பட்டனோ துணி மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, ஊருக்கே நல்ல பிள்ளை மாதிரி வாலை நக்கிக்கொண்டிருந்தது.

மூன்று மாதப் பூனைக்குட்டி. காப்பகத்தில் இடமில்லை, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மாதத்துக்கு முன்னால் அவள்தான் கொண்டுவந்து விட்டாள். வீடும் கிடைத்துவிட்டது. ஒரு டீச்சர் குடும்பம். அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, குட்டி ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் மணல் தட்டில்தான் போக வேண்டும் என்பது. காப்பகத்தில் இருந்தவரை அது சமர்த்தாகத் தட்டில்தான் போனது. இங்கே வந்த பிறகுதான் இந்தக் கூத்து.

"இன்னைக்குள்ள முடிவு சொல்லணுமாம். இல்லேன்னா வேற குட்டி பாத்துக்கிறாங்களாம்" என்றாள். "தட்டை இன்னும் பினாயில் போட்டா கழுவுறீங்க?"

"நீ சொன்ன அன்னைக்கே விட்டாச்சும்மா. வெறும் சுடுதண்ணிதான்."

"வாசனை மணல்?"

"அதையும் தூக்கிக் கடாசியாச்சு. இப்ப சாதா மணல்தான்."

"சாப்பாட்டுக் கிண்ணம் பக்கத்துல தட்டு இருக்கக் கூடாது."

"கிண்ணம் அந்தக் கோடி, தட்டு இந்தக் கோடி. போலீஸ் தோத்துது போ, இப்படிக் குடையுறே!"

"திட்டுனீங்களா? திட்டினா பயந்துக்கிட்டு ஒதுங்கிப் போகும்."

"நானா? இதையா?" தையல்காரருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "சத்தமா ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அது நிஜம்தான். பல வருடங்களாக அந்த வீட்டில் அவரும் மெஷினும் மட்டுமே. இப்போது நாள் முழுக்கப் பட்டனோடு பேச்சு. காலர் கோணாமல் வந்திருக்கிறதா என்றுகூட அதனிடம்தான் கேட்பார்.

அவள் பழைய செய்தித்தாளை எடுத்து மேசைக்கடியில் குனிந்து ஈரத்தைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள்.

"சரி, கடைசியா ஒரு பரீட்சை. வயிறு நிறைஞ்சதும் நாமளே தட்டுல விட்டுப் பாப்போம். சாப்பாட்டை வைங்க."

பட்டன் கிண்ணத்தைப் பளபளவென்று நக்கி முடித்தது. சற்று நேரம் கழித்து அவள் அதைத் தூக்கித் தட்டில் விட்டாள். குட்டி மோந்து பார்த்தது. ஒரு காலால் மணலைக் கீறியது. சின்னதாக ஒரு குழி தோண்டி, ஒரு சுற்றுச் சுற்றியது.

தையல்காரர் வெட்டு மேசை ஓரமாக நகர்ந்தார்.

டங்!

பெரிய கத்தரிக்கோல் தரையில் கிடந்தது. பட்டன் நாலுகால் பாய்ச்சலில் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அண்ணே!"

"கை நழுவிடுச்சும்மா. முப்பது வருஷமா பிடிக்கிற கத்தரி, இன்னைக்குன்னு பாத்து நழுவுது பாரு!"

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டீச்சர், இது சரிப்பட்டு வராது. காப்பகத்துல இருக்கிற அந்தக் கறுப்புக் குட்டியையே எடுத்துக்கோங்க. அதுவும் ரொம்ப நாளா யாராவது வரமாட்டாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கு. சரிங்க டீச்சர், சந்தோஷம்."

தையல்காரர் மெஷின் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்போ இதோட கதி?"

"தட்டுப் பழக்கமில்லாத பூனையை யாரு கேப்பா? காப்பகத்துக் கூண்டுதான்."

"கூண்டா!" அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் வேணாம்மா. பச்சைப் பிள்ளை அது. இங்கேயே கிடந்துட்டுப் போகட்டும். துடைச்சு விடுறதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?"

"காலம் பூராவுமா? நல்லா யோசிச்சுக்கோங்க. அப்புறம் முடியலேன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

அவள் பையிலிருந்து ஒரு தத்தெடுப்புப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அவருடைய பெயர், முகவரி எல்லாம் முன்பே நிரப்பியிருந்தது. அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போட்டார். மூட்டைக்குப் பின்னாலிருந்து பட்டன் மெல்ல வந்து அவர் காலில் உரசியது. அவர் குனிந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் தெரியவில்லை.

அவள் படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"பத்திரமா வளருங்க அண்ணே. அப்புறம், இனிமேலாவது அந்தப் பால் போடாத டீயைத் தரையில ஊத்தாம நீங்களே குடிங்க. மேசைக்கடியில எறும்பு மொய்க்குது."