இரண்டு மணிக் குரல்

"ஏஞ்சாமி, மறுபடியும் அந்தப் பழைய புள்ளதான் பேசுதாமா?" என்று ஃபோனில் கேட்டார் செங்கோட்டையன். நாமக்கல்லில் அவருக்கு நாற்பது முட்டை லாரிகள்.

"ஆமாங்க. இன்னிக்குக் கண்டுபிடிச்சிடுவேன்," என்றான் தர்ஷன்.

"குரலை மாத்தலாம்னு நீங்கதான சொன்னீங்க? மாத்தியாச்சு. அப்புறம் பழசு எப்படி வருது? நாளைக்கு லோடு குடுக்கற பெங்களூர்க்காரன் இந்த மென்பொருளைச் சோதிக்க வாரான். உள்ள ஒண்ணு மாறியிருந்தாலும் லோடு தரமாட்டானாமா. கண்டெய்னர்னு நீங்க சொன்னதும் நம்ம வண்டிப் பொட்டியெல்லாம் போய் சீல் உடைஞ்சிருக்குதான்னு பாத்துட்டு வந்தேன். எல்லாம் நல்லாத்தான இருக்குது!"

தர்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் சொன்னது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பெட்டிங்க. ஆனா சமாச்சாரம் அதேதான். சீல் உடையாம உள்ள இருக்கிற சரக்கை யாரோ மாத்தறாங்க."

ஒரு லாரி நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடினால், செங்கோட்டையனுக்காகத் தர்ஷன் எழுதிய மென்பொருள் ஓட்டுநரை ஃபோனில் அழைக்கும். ஓரங்கட்டி ஓய்வெடுக்கச் சொல்லும். பத்து நாளைக்கு முன் அதன் குரல் மாற்றப்பட்டது. தினமும் காலையில் மூலப்பிரதியிலிருந்து அதைப் புதிதாக ஓடவிடுவான் தர்ஷன். புதுக் குரல் இருக்கும். இரண்டு மணிக்குச் சற்று முன், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் பழைய குரல் வந்து உட்கார்ந்திருக்கும்.

சூரமங்கலத்தின் மதிய வெயிலில் தர்ஷனின் அலுவலக மாடியறை மிதப்பதுபோல் இருந்தது. ரயில் நிலைய அறிவிப்புகள் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் வந்தன. மின்விசிறி ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் நடுவே எதையோ யோசித்தது.

"நேத்து வந்த பழைய குரல் என்கிட்ட இருக்குது. கேட்டுப் பாக்கறீங்களா சார்?" பக்கத்து மேசை பிரபா ஹெட்ஃபோனை நீட்டினாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது அவளுக்கு.

"வேண்டாம். ஃபைலோட அளவைப் பாத்தாலே போதும்."

"ஒரு தடவகூடக் கேக்கலீங்களே."

"நேத்து வரைக்கும் பெட்டிக்குள்ள நுழைய எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு சாவி," என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. "இன்னிக்கு ஆளுக்கு ஒரு சாவி. மூலப்பிரதியில இல்லாதது எது உள்ள வந்தாலும் சிவப்பு விழும். கொண்டுவந்த ஆளோட பேரும் விழும்."

அவள் தலையாட்டினாள்.

ஒன்று நாற்பத்தெட்டுக்குச் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் பெயர்: பிரபா.

தர்ஷன் திரும்பினான். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"பேர் விழும்னு சொன்னேனே."

"கேட்டுச்சுங்க சார்."

"கேட்டுமா?"

"அப்பா இன்னிக்கும் செங்கோட்டையன் சார் லாரியில முட்டை லோடு. பத்து மணிக்கு எடுத்தாரு. ரெண்டு மணிக்கு அவருக்கு ஃபோன் போகும். புதுக் குரல்னா அவரு நிறுத்தறதில்லீங்க. மெஷின் பேசுதுன்னு வெச்சிடறாரு. மொத நாளே கிருஷ்ணகிரிகிட்ட கண்ணு சொருகி, தடுப்புல ஒரசிட்டாரு. பழைய புள்ள சொன்னா மட்டும் நிறுத்தறாரு. நம்மூட்டுப் புள்ள சொல்றாப்பல இருக்குது, மீறிப் போக மனசு வர்றதில்லங்கறாரு."

தர்ஷன் திரையின் பக்கம் திரும்பினான். பிறகு விசைப்பலகையை இழுத்தான்.

"சார், என்னை வேலைய விட்டுத் தூக்கிடுங்க. ரெண்டு மணி வரைக்கும் ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க."

அவன் விரல்கள் நிற்கவில்லை. என்னென்னவோ தட்டின. ஒன்று ஐம்பத்தேழுக்கு ரீஸ்டார்ட் செய்தான்.

சிவப்பு மறைந்தது. எல்லாம் பச்சை. பிரபா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு மணி. இரண்டு மணி இரண்டு நிமிடம். அவள் ஃபோன் அடித்தது.

"கண்ணு, அந்தப் புள்ள கூப்புட்டுச்சு. ஓரங்கட்டிட்டேன். டீக்குச் சொல்லியிருக்கறேன்," என்றார் அவள் அப்பா மாதையன்.

பிரபா திரையையும் தர்ஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "பச்சைதான காட்டுது? எப்படிங்க சார்?"

"பழைய குரலை மூலப்பிரதியிலேயே வெச்சுட்டேன். இனி அதுதான் அசல். வேற குரல் வந்தாத்தான் சிவப்பு விழும். நாளைக்குச் சோதிக்கிறவரும் பச்சையைத்தான் பார்ப்பார்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அது யாருன்னு தெரிஞ்சா ஒரு தட்டு முட்டை குடுத்தனுப்பறேன்னு அப்பா ரொம்ப நாளாச் சொல்றாருங்க. யாருங்க சார் அது?"

தர்ஷன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். ஓட்டுநர் பட்டியலின் கடைசியில் ஒரு ஃபோன் எண் புதிதாக ஏறியிருந்தது. புறப்பட்ட நேரம், பத்து ஐந்து.

இரண்டு ஐந்துக்கு அவன் ஃபோன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏனுங்க, நாலு மணி நேரமாச்சுங்க. ஓரமா நிறுத்திட்டு ஒரு வாய் தண்ணி குடிங்க," என்றாள், போன வைகாசியில் இறந்துபோன அவன் மனைவி சௌந்தர்யா.

தர்ஷன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.