வெள்ளைக் கோடு

ரோட்டில் ஓட்டுவதற்குச் செய்த கார் அது. பந்தயத் தடத்தில் இறக்கினால் நாலாவது சுற்றைத் தாண்டாது. கொதித்துப் புகை கக்கிக்கொண்டு ஓரமாக நின்றுவிடும். கவின்மதி ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு அப்பாவிடம் வருவாள். "நான் ஜெயிக்கக்கூட வேண்டாங்கப்பா. பாதியில நிக்காத வண்டியாக் குடுங்க, போதும்." மகளின் அந்த ஒரு சொல்லுக்காக மெக்கானிக் ஆறுச்சாமி எட்டு மாதம் மாய்ந்து மாய்ந்து வேலை பார்த்தார். ஏசி, பின்சீட்டு, தரைவிரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். பெரிய ரேடியேட்டர் வைத்தார். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் மேலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு இருந்தால் அதைத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இன்று ஒன்பதாவது சுற்றில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வண்டி வழுக்கிச் சுழன்று டயர்ச் சுவரில் போய்ச் செருகியது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஆறுச்சாமி வேலியோரம் ஓடி, நிறுத்தச் சொல்லி இரண்டு கைகளையும் ஆட்டினார். மகள் ஓட்டிய சிவப்புக் கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவரைக் கடந்து போனது.

"பாப்பா இன்னிக்கு முடிச்சிரும்ங்ணா. வண்டி சும்மா கும்முனு ஓடுது" என்றான் பக்கத்தில் நின்றவன்.

ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "கொதிச்சிரு சாமி. நின்னுரு" என்று காரிடம் கெஞ்சினார். எங்கேயாவது ஒரு போல்ட்டையாவது இறுக்காமல் விட்டிருப்போம் என்று, ரேடியேட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாக மனதுக்குள்ளேயே தடவிக்கொண்டு போனார். விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைக் கோடு.