மாவு வானொலி

பிஷ்கெக் நகரத்துப் பெயர்ப்பலகைப் பட்டறையில் மாலை வெயில் சிவப்பு அக்ரிலிக் எழுத்துகளை ஊடுருவித் தரையில் சிவப்பாக விழுந்து கிடக்கிறது. வடிவமைப்பாளர் குமுஷாய் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். புது வானொலிக்கு ‘குரல்’ என்று அவள்தான் எழுதிக் கொடுத்தாள். Y போல இரண்டு கிளைகள் விரிந்த முதல் எழுத்தின் கால் நேராக இறங்கினால் கிர்கிஸ் மொழியில் அது குரல்; இடப்பக்கம் வளைந்தால் மாவு. இங்கே வளைந்திருக்கிறது.

“யாரு மாத்தினது?”

“நான்தான் தங்கச்சி,” என்கிறார் வானொலி முதலாளி தால்காத், தேநீரை உறிஞ்சியபடி. “இத்தாலிக்காரன் ஃபான்ட், எவ்வளவு அழகு பாரு. அதுல நம்ம எழுத்து இல்ல, ரஷ்ய எழுத்தப் போட்டாச்சு. ஜனங்க புரிஞ்சுக்குவாங்க.”

“புரிஞ்சுக்கிட்டு சாக்கோட வருவாங்க அண்ணே.”

பலகை அறுக்கும் சமத் சிரிப்பை அடக்க இருமுகிறார். தால்காத்தின் முகம் இறுகுகிறது. “ஒரு காலுக்கு இவ்வளவு கோவமா? அழகா செய்யறதுதானே உன் தொழில்?”

“படிக்க வைக்கிறதுதான் என் தொழில். என் பேர்ல அந்த எழுத்து ரெண்டு தடவ வருது. பள்ளிக்கூடத்துல இல்லன்னாங்க, பாஸ்போர்ட்ல இல்லன்னாங்க. இப்ப நம்ம ரேடியோவுலயும் இல்லையா? ஃபான்ட்ல இல்லன்னா வரையணும். அதுக்குத்தானே நான் இருக்கேன்!”

அவள் புதிய தகட்டில் வெள்ளைப் பென்சிலால் வரைகிறாள். கிளைகள் இரண்டும் இத்தாலிக்காரனின் நெளிவிலேயே விரிகின்றன, கால் மட்டும் நெட்டுக்குத்தாக இறங்குகிறது. தால்காத் எழுந்து வாயைத் திறக்கிறார். அதற்குள் சமத் மின்ரம்பத்தை ஓட்டிவிடுகிறார். அந்த இரைச்சலில் முதலாளியின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.