ரோஜா செதுக்கிய கட்டில்

"தலைமாட்டுல ரோஜாப்பூ செதுக்கியிருக்கு பாருங்க, இந்தக் கட்டில்தான் எனக்கு வேணும்," என்றாள் ராவியா.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வெட்கத்தோடு தலையாட்டினான்.

துமியாத் நகரத்து மரச்சாமான் கடைத்தெருவில் மதிய வெயில் சோம்பிக் கிடந்தது. கடைக்குள் வார்னிஷ் வாசனை. எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் அவர்கள் இருவரும் சேர்ந்து தெரிந்தார்கள். பார்க்கப் பார்க்க, அதற்குள் ராவியாவுக்கென்று ஒரு வீடே முளைத்தது. ஆற்றுக் காற்றில் திரைச்சீலை அசைந்தது. அடுப்பில் கீரை கொதிக்கும் மணம் வந்தது. வேலை முடிந்து வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஜன்னலோரம் போட்டா காலையில வெயில் மூஞ்சியில அடிக்குமே," என்றான் அவன், மெதுவாக.

"அடிக்கட்டும். அப்பதானே நீங்க நேரத்தோட எந்திரிப்பீங்க."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பும் கண்ணாடிக்குள் இருந்த வீட்டுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கடைக்காரர் ஹாஜியார் ஷெஹாத்தா வழக்கமான புலம்பலை ஆரம்பித்தார். பருத்திக்கு நல்ல விலை கிடைத்தால் டெல்டா ஊர்க்காரர்கள் வந்து இறங்குவார்களாம். குவைத்திலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பினால் தெற்கே சொஹாகிலிருந்து லாரியோடு வருவார்களாம். செங்கடல் கரைக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்தால், அங்கே ஹோட்டல் வேலை பார்க்கும் பையன்கள் கல்யாணத்துக்குத் துணிவார்களாம். டாலர் ஏறி, கப்பலில் வருகிற மரமும் விலை ஏறிய பிறகு, எந்தத் திசையிலிருந்தும் ஆள் வருவதில்லையாம்.

வாசல் பக்கம் மன்சூராவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் தயங்கி நின்றார்கள். பெருநாள் கழிந்ததும் மகளுக்குக் கல்யாணம். இப்போதே வாங்கிவிடுவதா, விலை இறங்கட்டும் என்று இருப்பதா என்று அந்த அம்மாவுக்குக் குழப்பம். மகளோ ரோஜாக் கட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ராவியா அந்த அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தாள். "நாங்களும் அப்படித்தான் காத்திருந்தோம், மாமி. விலை இறங்கல, எங்களுக்கு வயசுதான் ஏறுச்சு."

மாப்பிள்ளை பேரம் பேசினான். ஹாஜியார் மனசே இல்லாதவர்போல் கொஞ்சம் இறங்கி வந்தார். நாளைக்கு அண்ணனைக் கூட்டிவந்து முடித்துவிடுவதாக ராவியா சொன்னதும், அந்த அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"நாளைக்கு வர்றவங்க வரட்டும், ஹாஜியார். நான் இப்பவே எடுத்துக்கறேன்."

கட்டில் வண்டியில் ஏறியது. ரோஜாப்பூ தெருமுனையில் திரும்பி மறையும்வரை ராவியா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெண்ணாவது நன்றாக வாழட்டும் என்று நினைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹாஜியார் வந்து இருவர் கையிலும் அன்றைய கூலியை வைத்தார். "இன்னொருத்தர் வாங்க வந்தாத்தான் நம்ம ஜனங்களுக்குத் துணிச்சலே வருது. நாளைக்குச் சாப்பாட்டு மேசைகிட்ட நில்லுங்க."

தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் ராவியா அவன் பக்கம் திரும்பினாள். "காலையிலேர்ந்து மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னே கூப்பிட்டுட்டு இருக்கேன்... உங்க பேரு என்னங்க?"