ஐந்து வீசை

“மூணு டப்பாவா! யாருக்கு அக்கா, மருமகளுக்கா?” என்று கேட்டாள் மிஸ்பா.

“எனக்குத்தான். பங்குனி உத்திரத்துக்குள்ள அஞ்சு வீசை குறையணும்,” என்றாள் அலமேலு.

யாங்கோனில், தாகேதா சந்தையில் மிஸ்பாவின் கடை. பர்மாவில் எடைக்கு இன்னும் வீசைக் கணக்குதான்; ஐந்து வீசை என்றால் எட்டுக் கிலோ. உடம்பு இளைக்க வைக்கும் கடல்பாசி மாத்திரைக்கு இப்போது அங்கே ஏகப்பட்ட கிராக்கி. கல்யாணப் பெண்கள் வாங்குவார்கள், காலேஜ் பெண்கள் வாங்குவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

“உத்திரத்துக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்லையே. ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப குச்சியாட்டம் இருந்தீங்க. இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு. அதுக்குள்ள என்னக்கா ஆசை?”

அலமேலு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ராத்திரி சோத்த விட்டுட்டேன். காலையில திங்கிற மொஹிங்கா மீன் நூடுல்ஸ வாயில வச்சுப் பதினஞ்சு நாளாச்சு. அப்படியும் எறங்க மாட்டேங்குது.”

“ஒண்ணுதான் தருவேன். இத அளவுக்கு மீறித் தின்னா தைராய்டு கெட்டுப் போயிரும். ஆமா, எறங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல தராசு இருக்கா?”

“அவருதான் வாரா வாரம் அரிசிக் கடைக்குக் கூட்டிட்டுப் போய் நிறுத்துப் பாக்குறாரு.”

மிஸ்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்துப் பிழைத்து வந்த மனைவியைக் கறிக்கோழி மாதிரி நிறுத்துப் பார்க்கிறாராமே, இவரெல்லாம் ஒரு மனுஷனா? போனில் ஒல்லிப் பெண்களைப் பார்த்துப் பார்த்துக் கிழவருக்குப் புத்தி கெட்டுவிட்டது போலிருக்கிறது. பாவம், இந்த அக்கா பட்டினி கிடக்கிறாள். இன்றைக்கு அவர் கண்ணில் பட்டால் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு அலமேலுவின் புருஷன் அய்யாசாமியே உள்ளே வந்தார். அலமேலு சட்டென்று டப்பாவைத் தோள்பைக்குள் தள்ளினாள்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கட்டுன பொண்டாட்டியத் தராசுல ஏத்தி எடை பாக்குறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?”

வேண்டாம் என்று அலமேலு கண்ணாலேயே கெஞ்சினாள்.

அய்யாசாமிக்குக் கோபமே வரவில்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “இப்ப நாப்பது வீசை, தங்கச்சி! ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாரும்போது முப்பதுகூட இல்ல. இன்னும் ரெண்டு ஏறிட்டா பழைய அலமேலுதான்!” என்றவர், சைக்கிள் பூட்டைத் திறந்து வைப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மிஸ்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “அவரு ஏறணும்கிறாரு, நீங்க எறங்கணும்கிறீங்க. என்னக்கா நடக்குது உங்க வீட்டுல?”

அலமேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நான் நினைவில்லாம கெடந்தப்ப, இவ பொழைச்சு வந்தா உத்திரத்தன்னைக்கு இவ எடைக்கு எடை அரிசிய முதுகுல சுமந்து வீட்டுல இருந்து கோயில் வரைக்கும் நடந்து வர்றேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டாரும்மா. தண்ணிக் கொடத்தக்கூடத் தூக்காதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கிற முதுகு அது!”