கேட்டில் கட்டிய பலகை

செத்த கன்று கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம்.

நடுவில் இருந்த கேட்டை யாரோ சாத்தியிருந்தார்கள்.

எலிசியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கன்றையே பார்த்து நின்றார். திங்கட்கிழமை விடியலில் டூசான் நகரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனவர், வியாழக்கிழமை காலையில்தான் திரும்பியிருந்தார். கேட்டைத் திறந்ததுமே மற்ற மாடுகள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடின.

பக்கத்தில் நின்ற லெனோர் பயந்தாள். கன்றுக்காக மட்டும் இல்லை.

தொட்டி இருக்கும் இந்தப் பக்கத்து முந்நூற்று இருபது ஏக்கரும் அவளுடையதுதான். ஆனால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேட்டில் இருக்கும் எலிசியோவின் கிணற்றிலிருந்துதான் ஒரு குழாய் தொட்டிக்கும் இன்னொரு குழாய் அவள் வீட்டுக்கும் வந்தது. அவருடைய மாடுகள் அவள் நிலத்துக்குள் வந்து மேயலாம், தொட்டியில் குடிக்கலாம், பதிலுக்கு அவள் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம், கேட் எப்போதும் திறந்தே இருக்கும். எட்டு வருடமாக இருவருக்கும் ஒப்பந்தம் இவ்வளவுதான். அவர் கிணற்றடி வால்வைத் திருகி மூடிவிட்டால், கேரவன் வண்டிகளில் வந்து வாடகைக்குத் தங்குகிறவர்கள் வருவது இருக்கட்டும், அவளே அங்கே குடியிருக்க முடியாது.

நல்லவேளை, குற்றவாளிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார்கள்.

ரஸ்ஸலும் அவன் மனைவி மார்லிஸும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிகாகோவிலிருந்து வந்து இறங்கியவர்கள். பஸ் அளவுக்கு ஒரு கேரவன், அதன் பக்கவாட்டில் பறக்கிற கழுகின் படம். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு பாலைவனத்தைப் பார்க்க வந்து, முதல் வேலையாக மண்ணின் மேல் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்த மேதாவிகள். நாய்க்கு நான்கு காலிலும் ஷூ.

தானும் ஒஹையோவிலிருந்து இதே மாதிரி ஒரு வண்டியில் வந்து சேர்ந்தவள்தான் என்பது லெனோருக்கு இப்போதெல்லாம் ஞாபகம் வருவதில்லை.

இருவரையும் கேட்டுக்கு வரவழைத்தாள். மூக்கில் வெள்ளையாகக் கிரீம் அப்பிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"யாரு கேட்டை சாத்துனது?"

"நாங்க வந்தப்பவே சாத்திதாங்க இருந்துச்சு. அதான் நாங்களும் சாத்திட்டு வந்தோம்," என்றான் ரஸ்ஸல்.

லெனோர் எலிசியோவைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் கூடச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மாடுங்க வேற உள்ள வரப் பாத்துச்சுங்க," என்றாள் மார்லிஸ் வெள்ளந்தியாக. "இவருதான் பயந்து பயந்து வெரட்டி விட்டுட்டு, கொக்கியப் போட்டாரு."

லெனோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"கேட்டுக்குங்க எலிசியோ, வெரட்டினாராம். தண்ணிக்குத் தவிச்சு நின்ன மாட்டை வெரட்டிட்டு, நாய்க்கு ஐஸ் போட்டு வெக்கிறாங்க. அதுங்க கத்துனது எப்படிக் கேக்கும், நாள் பூரா ஜெனரேட்டர் ஓடுது. ஏங்க, அத்தாம்பெரிய பலகைய எழுதி மாட்டியிருக்கேனே, படிக்கத் தெரியாதா? மாட்டைப் பர்கருக்குள்ளதான் பாத்திருப்பீங்க போல."

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லவும் என்று சிவப்புப் பெயிண்டில் அவளே எழுதிய பலகை. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் இருக்கும்.

ரஸ்ஸலுக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. எலிசியோவிடம், "கன்னுக்குட்டிக்காக மன்னிச்சுக்குங்க," என்றான்.

"மன்னிப்பெல்லாம் உங்க ஊர்ல போயிக் கேளுங்க. மத்தியானத்துக்குள்ள எடத்தக் காலி பண்ணுங்க," என்றாள் லெனோர். எலிசியோவின் காதில் விழவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வாதாடுவதற்காக இல்லை. தாங்கள் எங்கே தப்புச் செய்தோம் என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"வழி தெரியாம இந்தப் படத்தத்தாங்க பாத்துக்கிட்டே வந்தோம்," என்று எலிசியோவிடம் நீட்டினாள். "இப்படியேதான் இருந்துச்சு."

லெனோர் தன் நிலத்தைக் கேரவன்காரர்களுக்காக விளம்பரம் செய்யும் இணையப் பக்கம் அது. திங்கட்கிழமை மத்தியானம் அவளே எடுத்துப் போட்ட படம். பலகையைக் கட்டும்போது கேட் காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததால், அதை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டுக்கொண்டுதான் கம்பியை முறுக்கினாள். எழுத்து பளிச்சென்று விழும்படி தள்ளி நின்று படம் எடுத்தாள். பிறகு வெயில் தாங்காமல் அப்படியே வண்டியேறி, நிலத்தின் அந்தக் கோடியில் இருக்கும் வீட்டுக்குப் போய் ஏசியைப் போட்டுக்கொண்டாள்.

எலிசியோ இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் வெள்ளை முகத்தோடு ஒரு கன்று நின்றது. தொட்டி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று, அன்று அதையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தாள்.

அவர் குனிந்து கீழே கிடந்த வெள்ளை முகத்தை ஒருமுறை பார்த்தார். போனை மார்லிஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டிய எங்க வீட்டுப் பக்கம் கொண்டாந்து நிறுத்திக்குங்க," என்றார் ரஸ்ஸலிடம். "அங்க நெழலும் இருக்கு."

பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, லெனோர் வீட்டுக்குப் போகிற குழாயை ஒட்டியே, மேட்டில் இருந்த வால்வை நோக்கி நடந்தார்.